விமலாதேவியின் நித்திரை

விமலாதேவிக்கு நாற்பத்தெட்டு வயதாகும்போது அவளுடைய களைப்பு வீட்டுத் தளபாடங்களில் ஒன்றைப்போல ஆகிவிட்டிருந்தது. அது இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் நின்று பார்ப்பதில்லை. காலையில் எழும்பும்போதே தலை பாரமாக இடிக்கும். மெல்பேண் புறநகரான கிரான்பர்னில் இருந்த வீட்டின் குசினியில் கேத்திலைத் தட்டிவிட்டு, தண்ணீர் கொதிக்கும்வரை மேசையில் கையை ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். பின்னேரம் வேலையால் வந்தால் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னமே கதிரையில் சாய்ந்துவிடுவாள். ஒரு படத்தை முடிவுவரை இருந்து பார்த்து எவ்வளவோ காலம். மகள் ரஞ்சினி சின்ன வயதில் பள்ளிக்கூடக் கதை சொல்ல வந்தால், பாதியில் நிறுத்தி, அம்மா நித்திரையோ என்று குனிந்து பார்த்துப் பழகிவிட்டாள்.

கணவர் மகேந்திரராஜா நல்ல மனிதர். யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்தும் கடையில் தொழில் பழகியவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குடும்பத்தோடு மெல்பேணுக்கு வந்து, டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தார். வீட்டில் எது பழுதானாலும் வெளியிலிருந்து ஆள் கூப்பிடமாட்டார். சலவை மெஷின், கதவுப் பூட்டு, அயலவரின் வீடியோ டெக், எல்லாம் அவர் கையில்தான் உயிர் பெற்றன. மனைவியின் களைப்பை மட்டும் எங்கே திறந்து பார்ப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. இரத்தம் குறைவாக இருக்கும் என்று சொல்லிக் கொஞ்சக் காலம் பீட்ரூட் வாங்கி வந்தார். பிறகு அதையும் விட்டுவிட்டார்.

டொக்டரிடம் போகாமலும் இல்லை. ஒருவர் இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார். இன்னொருவர் தைரொயிட்டைச் சோதித்துப் பார்த்து எல்லாம் சரி என்றார். மூன்றாமவர் வயதின் மாற்றம் என்றார். நாலாவது டொக்டர், வீட்டில் ஏதும் கவலை உண்டா என்று கேட்டார். விமலாதேவியின் தம்பி ஊரில் ஷெல் அடியில் இறந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அதைச் சொன்னதும் டொக்டர் தலையை அசைத்து, மனச்சோர்வுக்கு மருந்து எழுதினார். கவலை இருந்தது உண்மை. ஆனால் களைப்பு அந்தக் கவலைக்கு முன்னமே வந்தது. அதை எடுத்துச் சொல்ல அவளுக்கு ஆங்கிலமும் போதாது, தெம்பும் போதாது. கொடுத்த குளிசையை விழுங்கினாள். ஒன்றும் மாறவில்லை.

எந்த டொக்டரிடமும் அவள் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அவள் குறட்டை விடுவாள். சின்னக் குறட்டை அல்ல. ஆண்கள் விட்டால் அது பகிடி. ஒரு பெண் விட்டால் அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? மகேந்திரராஜா அதிகாலை வேலைக்குப் போகிறவர். ஒரு கிழமைக்கு, ஏழே நாளைக்கு மட்டும் என்று தலையணையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகவில்லை. ஆனால் அந்த ஒரு கிழமை ஒன்பது வருடமாகியும் முடியவில்லை.

ஒருமுறை அவருடைய தமக்கை சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் புது வீடு குடிபுகுந்தார். எல்லோரும் காரில் போனார்கள். பெண்களெல்லாம் ஹோலில் மெத்தை விரித்து வரிசையாகப் படுத்தார்கள். காலையில் தேநீர் குடிக்கும்போது ஒருத்தி, இரவு யாரோ வீட்டுக்குள் லொறி ஓட்டினார்கள் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். விமலாதேவியும் சிரித்தாள். அன்றிரவு தலையிடி என்று சொல்லிக் கார்ச் சாவியை வாங்கிக்கொண்டு போய், பின் இருக்கையில் முழங்காலை மடக்கிப் படுத்தாள். அதற்குப் பிறகு யாருடைய வீட்டிலும் இரவு தங்கமாட்டாள். அவளுக்குப் பெருமை என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவளுக்குப் பிடித்தமாக இருந்தது வேலை ஒன்றுதான். வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில், ஒரு வயது நிரம்பாதவர்களின் அறையில் வேலை. பிள்ளைகளுக்கு அவளுடைய ஆங்கிலத்தைப் பற்றிக் கவலையில்லை. மற்ற யாராலும் நித்திரையாக்க முடியாத குழந்தையைக்கூட அவள் முதுகில் தட்டிக்கொடுத்துப் படுக்கவைத்துவிடுவாள்.

இரண்டாயிரத்தைந்தாம் ஆண்டு மே மாதத்தில் ஒருநாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, அவள் வழக்கம்போல ஒரு குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தாள். அறையில் மெல்லிய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தபோது அவளுடைய தலை கட்டிலின் கம்பியில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் கூட வேலை செய்யும் பெண், ஒரு வயதை எட்டப்போகும் ஒரு பிள்ளையை ஒரு கையில் இறுக அணைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளை எழும்பி அழுது, கட்டில் கம்பிக்கு மேலால் ஒரு காலைப் போட்டுவிட்டது. அழுகை கேட்டு அந்தப் பெண் ஓடி வந்திருக்கிறாள். அருகிலிருந்த விமலாதேவிக்குக் கேட்கவில்லை.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. நிலையத்தின் பொறுப்பாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, மெதுவாகப் பேசினார். ஏசியிருந்தால் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. டொக்டரைப் பார்த்துக் காரணம் தெரியும்வரை குழந்தைகள் அறை வேண்டாம். சமையலறையிலும் துணி துவைப்பதிலும் உதவி செய்யட்டும் என்று முடிவாயிற்று.

வீட்டில் அவள், வேலையில் இடம் மாற்றிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னாள். ஆனால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்து, கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போனதை ரஞ்சினி பார்த்தாள். அவளுக்கு அப்போது இருபது வயது, பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். டொக்டரிடம் போகும் நாளில் வகுப்பை விட்டுவிட்டுத் தானும் வந்தாள்.

இந்த முறை டொக்டர் ஒரு இளம் பெண். நடந்ததைக் கேட்டுவிட்டு, இரவில் குறட்டை விடுவதுண்டா என்று கேட்டார். கொஞ்சம் என்றாள் விமலாதேவி. அப்போது ரஞ்சினி நிலத்தைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினாள். கொஞ்சமல்ல என்றாள். தன்னுடைய கட்டில் அம்மாவின் அறைச் சுவரோடுதான் இருக்கிறது. குறட்டை ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று நின்றுவிடும், மூச்சே கேட்காது. பிறகு மூழ்கினவர் மேலே வருவதுபோல ஒரு பெரிய இழுப்பு. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அடுத்த மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டு படுத்திருப்பது தன் வழக்கம் என்றாள்.

விமலாதேவி மகளைத் திரும்பிப் பார்த்தாள். ஆங்கிலமென்றாலும் மகள் சொன்னதெல்லாம் அவளுக்கு விளங்கியது. காரில் ஏறிய பிறகு கேட்டாள்: "ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் பயந்து நித்திரை கொள்ளாமல் விட்டிடுவியள் எண்டு நினைச்சன்," என்றாள் ரஞ்சினி.

அதன் பிறகு சோதனை. தலையிலும் நெஞ்சிலும் காலிலும் வயர்களை ஒட்டி, ஆஸ்பத்திரியில் ஒரு இரவு படுக்கவைத்தார்கள். நித்திரையில் அவளுடைய தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் போகும் வழியை அடைத்துவிடுகின்றன. மணித்தியாலத்துக்கு நாற்பது தடவைக்கு மேல் இப்படி நடக்கிறது. ஒவ்வொரு முறையும் மூளை அவளை அவளுக்கே தெரியாமல் எழுப்பிவிடுகிறது என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். இன்னொரு இரவு, முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் ஒரு மெஷினைப் பூட்டிப் பார்த்து, எவ்வளவு காற்றழுத்தத்தில் அந்த வழி மூடாமல் நிற்கிறதென்று கண்டுபிடித்தார்கள். அவளுக்குத் தேவையான அளவு பதின்மூன்று.

மெஷினைப் பொருத்திக் கொடுக்கும் இடத்தில் இருந்த தாதியின் பெயர் மார்கரெட். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்ப் பெண். நாற்பது வயதிருக்கும். தமிழில் பேசக்கூடிய ஒருவரை எதிர்பார்க்காத விமலாதேவிக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. சப்பாத்துப் பெட்டி அளவில் ஒரு மெஷின், ஒரு நீண்ட குழாய், மூக்கை மூடும் ஒரு முகமூடி, காற்றை ஈரமாக்கத் தண்ணீர் ஊற்றும் ஒரு தட்டு. மார்கரெட் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்.

"பாருங்க அக்கா, இதுல ரெண்டு விதம் இருக்கு. தண்ணி எவ்வளவு சூடாகணும், காத்து மெதுவா ஆரம்பிச்சு எவ்வளவு நேரத்துல முழுசா வரணும், இதெல்லாம் உங்க சௌகரியத்துக்கு. நீங்களே மாத்திக்கலாம். அழுத்தம் அப்படி இல்ல. அதுதான் மருந்து. அதை டாக்டர் சொன்னாதான் நாங்க மாத்துவோம். எது கஷ்டமா இருந்தாலும் எனக்குப் போன் பண்ணுங்க."

விமலாதேவி தலையாட்டினாள். போன் இலக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தாள்.

முதல் சில நாட்களில் ஒரு காலைப்பொழுது அவளுக்குப் பயத்தைத் தந்தது. எழும்பியபோது தலை இடிக்கவில்லை. என்னவோ குறைகிறதே என்று கட்டிலில் இருந்தபடி யோசித்தாள். அன்று வேலையிலிருந்து வந்து, சமைத்து, உடுப்பும் மடித்துவிட்டு, இனி என்ன என்று நின்றாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடும் போலிருந்தது.

குறட்டை நின்றதை மகேந்திரராஜா முன்னறையிலிருந்தே கண்டுபிடித்தார். அந்த வார இறுதியில் தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றார். உத்தரவு கேட்பவரைப்போல நின்றார். விமலாதேவி சுவர்ப் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள்.

அதன் பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. அங்கே குளிர்காலமான ஜூன் மாதத்தில் குழாய்க்குள் நீராவி தண்ணீராகி மூக்கில் சொட்டியது. முகமூடியின் ஓரத்தால் காற்றுச் சீறியது. சீறாமலிருக்க அவள் பட்டியை இன்னும் இறுக்கினாள். மூக்கின் மேல் சிவந்த வடு விழுந்தது, சீறலும் கூடியது. எல்லாவற்றையும்விட வயிறுதான் மோசம். நுரையீரலுக்குப் போகவேண்டிய காற்று வயிற்றுக்குள்ளும் போய், பந்துபோல ஊதிவிடும். ஏப்பம் விட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் இருந்து வயிற்றை அழுத்துவாள். பிறகு திரும்பவும் முகமூடியைப் போடுவாள்.

போனில் மார்கரெட்டைக் கூப்பிடலாம் என்று ரஞ்சினி சொன்னாள். விமலாதேவி கேட்கவில்லை. ஒரு மெஷினையும் ஒழுங்காகப் போடத் தெரியாதவள் என்று நினைப்பார்கள் என்று கூச்சம். அதோடு, ஒன்பது வருடத்துக்குப் பிறகு பக்கத்தில் ஒரு மனிதர் படுத்திருந்தார். இந்தச் சத்தத்தில் அவர் திரும்பவும் எழும்பிப் போய்விடக் கூடாதே என்று பொறுத்துக்கொண்டாள்.

மகேந்திரராஜாவுக்கு அவள் கட்டில் ஓரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருப்பதைப் பார்க்க முடியவில்லை. அவருடைய கண்ணுக்கு அது ஒரு மெஷின் செய்கிற பிழை. மெஷின் செய்கிற பிழை என்றால் அவருக்குத் தெரிந்த விஷயம். இன்ரநெற்றில் தேடினார். மெஷினில் வெளியே தெரியும் பட்டியலுக்குப் பின்னால், தாதிமாருக்கென்று இன்னொரு பட்டியல் ஒளிந்திருந்தது. இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்திப் பிடித்தால் அது திறக்கும். ஒரு பகல், விமலாதேவி வேலையில் இருந்த நேரம், அவர் அதைத் திறந்து பதின்மூன்றை எட்டாக்கினார்.

அடுத்த நாள் காலை, "இண்டைக்கு வயிறு ஊதேல்லை," என்று அவள் சந்தோஷமாகச் சொன்னாள். முகமூடி சீறவும் இல்லை. அவர் பாணில் ஜாமைப் பூசிக்கொண்டு, "பழகிட்டுது போல," என்றார். நல்ல காரியம் செய்த நிறைவு அவருக்கு இருந்தது. சொன்னால் அவள் வீணாகப் பயப்படுவாள் என்று சொல்லாமல் விட்டார்.

களைப்பு ஒரேயடியாகத் திரும்பி வரவில்லை. மழைக்காலத்தில் சுவரில் ஈரம் ஏறுவதுபோல மெல்ல மெல்ல ஏறியது. முதலில் காலைத் தலையிடி. பிறகு பஸ்ஸில் தூங்கி இறங்குமிடத்தைத் தவறவிட்டாள். பிறகு குசினி மேசையில் கையை ஊன்றி நிற்பது. அவள் தன் பங்கை ஒழுங்காகத்தான் செய்தாள். முகமூடியைத் தினமும் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். தண்ணீரை மாற்றினாள். ஓர் இரவும் தவறவிடவில்லை. வேலையில் பொறுப்பாளர், மெஷின் எப்படி, எப்போது குழந்தைகள் அறைக்குத் திரும்பலாம் என்று அன்பாக விசாரிப்பார். நல்லாயிருக்கிறது, கொஞ்ச நாளில் என்பாள். அதற்குப் பிறகு துணி துவைக்கும் அறைக்குள் போய், சூடான துவாய்களை மடித்துக்கொண்டே நின்றபடி கண்ணயர்வாள்.

மகேந்திரராஜாவுக்கும் சத்தம் கேட்காமல் இல்லை. முகமூடிக்குள்ளிருந்து மெல்லிய குறட்டை வந்தது. இடையிடையே அது நின்றது. குழாயின் சத்தம்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஒன்றைத் திருத்திவிட்டு, பிறகு அது திருந்தவில்லை என்று ஒத்துக்கொள்வது அவருக்கு வாழ்க்கையில் அதிகம் பழக்கமில்லாத காரியம்.

ஓகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை, மூவரும் குசினியில் இருந்தார்கள். விமலாதேவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு, வேலையை விடப்போவதாகச் சொன்னாள். ரஞ்சினி ஏன் என்று கேட்டாள்.

"அந்த மனிசி ஒவ்வொரு கிழமையும் கேக்குது. எவ்வளவு காலத்துக்குப் பொய் சொல்லுறது?" அவள் குரல் உயரவில்லை. "டொக்டர்மார் தங்கடை வேலையைச் செய்து போட்டினம். மெஷினும் வந்திட்டுது. அதுக்கும் என்னைத் திருத்தேலாமல் போட்டுது. நான் பிறவியிலேயே ஒரு சோம்பேறி போல கிடக்கு. இவ்வளவு காலமும் ஏதோ நோய் வருத்தம் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திட்டன்."

மகேந்திரராஜா மேசையில் கழற்றி வைத்திருந்த டோர்ச்சை அப்படியே விட்டுவிட்டு எழும்பினார். யன்னல் பக்கம் போனார். திரும்பி வந்தார்.

"உம்மிலை பிழை இல்லை," என்றார். "நான்தான் அதைக் குறைச்சனான்."

அவளுக்கு விளங்கவில்லை. அவர் திரும்பவும் சொன்னார். வயிறு ஊதுகிறதென்று பார்க்கப் பொறுக்காமல் அழுத்தத்தைக் குறைத்ததை, எந்தப் பொத்தானை எப்படி அழுத்தினார் என்பதுவரை சொன்னார். இரவில் மூச்சு நிற்பது கேட்டும் பேசாமல் படுத்திருந்ததை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"எப்ப இருந்து?" என்றாள் விமலாதேவி.

"ஜூலை தொடக்கத்திலை இருந்து."

விமலாதேவி உரித்த வெங்காயங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கோபம் வருவதற்கும் உடம்பில் கொஞ்சம் பலம் வேண்டும். அவளுக்கு அது வந்து சேர நேரமெடுத்தது.

"நான் என்னை ஏசிக்கொண்டு திரிஞ்சன்," என்றாள் கடைசியில். "ஒவ்வொரு நாளும் உங்களுக்கு முன்னாலைதான் திரிஞ்சன். நீங்கள் பார்த்துக்கொண்டு இருந்தனீங்கள். என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. என்ர மூச்சு உங்களுக்கு ஒரு பழைய ரேடியோவோ?"

ரஞ்சினி அடுப்பை நிறுத்திவிட்டு, தாயின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். அன்று யாரும் சமைக்கவில்லை. கொஞ்ச நாளைக்கு முன்னறையில் படுக்கச் சொன்னாள் விமலாதேவி. மெஷினைத் தொட வேண்டாம் என்றும் சொன்னாள். அவர் இரண்டையும் கேட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை அவள் மெஷினைப் பையில் வைத்துக்கொண்டு மார்கரெட்டிடம் போனாள். மகேந்திரராஜா வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். உள்ளே வந்து ஓரத்துக் கதிரையில் இருந்தார். மார்கரெட் மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். இது எட்டில் இருக்கிறதே, யார் மாற்றியது என்று கேட்டாள்.

வீட்டில் எப்படியோ மாறிவிட்டது என்றாள் விமலாதேவி. ஏன் அப்படிச் சொன்னாளென்று அவளுக்கே தெரியாது. ஆனால் ஓரத்துக் கதிரையிலிருந்து, "நான்தான்," என்று குரல் வந்தது.

மார்கரெட் ஏசவில்லை. நிறையப் பேர் செய்கிற வேலைதான் என்றாள். "மாத்திரை கசக்குதுன்னு பாதியைக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு, அண்ணே. கசப்பு போயிடும். நோய் அப்படியேதான் இருக்கும்." பிறகு விமலாதேவியின் பக்கம் திரும்பினாள். "அக்கா, வயிறு ஊதுனா சொல்லணும் இல்லையா? அது உங்க தப்பு இல்ல. அதுக்குத்தான் நான் இங்க உக்காந்திருக்கேன்."

அன்று அவர்கள் நீண்ட நேரம் அங்கே இருந்தார்கள். மார்கரெட் அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, மெஷினை ஓடவிட்டு, காற்று வரும்போதே முகமூடியைச் சரிசெய்தாள். பட்டி அவ்வளவு இறுக்கம் தேவையே இல்லை. ஒரு விரல் உள்ளே போகும் தளர்வில் அது சீறாமல் நின்றது. முகமூடியும் ஒரு அளவு பெரிது, சின்னதாக மாற்றினாள். இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். தொடக்கத்தில் காற்று மிகவும் குறைவாக வந்ததால், விமலாதேவி போதாமல் வாயைத் திறந்து விழுங்கிக்கொண்டிருந்தாள். விழுங்கியதில் ஒரு பங்கு வயிற்றுக்குப் போனது. குறைவாக இருந்தால் சுகமாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். மார்கரெட் அந்தத் தொடக்க அளவைச் சற்றுக் கூட்டினாள். விமலாதேவியின் மார்பு உடனே தளர்ந்தது. முதல் தடவையாக அந்த முகமூடிக்குள் இழுத்த மூச்சு முழு மூச்சாக இருந்தது. மூச்சை வெளியே விடும்போது மெஷின் தன் தள்ளலைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் வசதியும் அதில் இருந்தது. அது இதுவரை போடப்படாமலே கிடந்தது. அதையும் போட்டாள்.

பிறகு டொக்டரோடு போனில் பேசினாள். வயிறு பழகும்வரை இரண்டு கிழமைக்குப் பதினொன்றில் வைத்து, அதன்பின் பதின்மூன்றுக்குக் கொண்டுபோகலாம் என்று டொக்டர் ஒத்துக்கொண்டார். விமலாதேவி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு போன் பேச்சு. இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. அழுகை வந்தது. மார்கரெட் திசுப் பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல எழும்பிப் போனாள்.

குழாய்க்குள் தண்ணீர் சேர்வதற்கு விமலாதேவி தானே வழி செய்தாள். ரஞ்சினியின் பழைய பிளனல் பைஜாமாவை நீளமாக வெட்டித் தைத்து, குழாய்க்கு உறை போட்டாள். மெஷினின் புத்தகத்தை மகளைக் கொண்டு வாசிப்பித்து, தண்ணீர்ச் சூட்டைக் குளிருக்கேற்பக் கூட்டிக் குறைக்கப் பழகினாள். எது தன் கையில், எது டொக்டர் கையில் என்பது இப்போது அவளுக்குத் தெளிவாக இருந்தது. எந்தச் சின்னக் கஷ்டத்துக்கும் போன் எடுத்தாள். முதலிரண்டு முறை கூச்சமாக இருந்தது. பிறகு போய்விட்டது.

சுகம் வந்தது, ஆனால் நினைத்த மாதிரி வரவில்லை. சில நாட்கள் தெளிவாக இருந்தன, சில நாட்கள் பழையபடி பாரமாக இருந்தன. இத்தனை வருடம் விட்ட நித்திரையைத் திருப்பி எடுக்க முடியாது, இனி விடாமல் இருக்கலாம் என்றார் டொக்டர். வேலையில் குழந்தைகள் அறைக்கு வேறொரு பெண்ணை எடுத்துவிட்டிருந்தார்கள். நடக்கத் தொடங்கிய பிள்ளைகளின் அறை அவளுக்குக் கிடைத்தது. அந்தப் பிள்ளைகள் ஓடும், கடிக்கும், அவள் பின்னால் ஓடவேண்டும். ஓடினாள். மத்தியானத்தில் திரைச்சீலையை இழுத்துவிட்டால் மட்டும், நெடுங்காலம்வரை உட்கார்ந்து தட்டமாட்டாள், நின்றுகொண்டுதான் தட்டுவாள்.

மகேந்திரராஜா முன்னறையில் நவம்பரில் வசந்தகாலம் முடியும்வரை படுத்தார். அதைப் பற்றி அவர் முறையிடவில்லை. ஒரு சனிக்கிழமை அவருடைய போர்வை துவைத்து மடித்துப் பெரிய கட்டிலில் வைக்கப்பட்டிருந்தது. அவர் அன்றிரவு அங்கே வந்து படுத்தார். மெஷினுக்கும் அவருக்கும் இடையில் அவள் படுத்திருந்தாள். மெஷின் பக்கம் கையை நீட்டக்கூட அவர் துணியவில்லை. எப்போதாவது முகமூடி விலகிச் சீறினால், அவளைத் தொட்டு எழுப்பி, சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பார். அதற்கு மேல் ஒன்றும் செய்யமாட்டார். அவளும் மன்னித்துவிட்டதாக ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர்கள் அப்படிப் பேசிக்கொள்கிற ஆட்களும் அல்ல.

அடுத்த வருடம் மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு. மத்தியானச் சாப்பாடு முடிந்து மகேந்திரராஜா சாய்ந்துவிட்டார். தெருவே வெயிலில் அமைதியாகக் கிடந்தது. விமலாதேவி பாத்திரங்களைக் கழுவி அடுக்கினாள். உடுப்புகளைக் கொடியில் போட்டாள். உள்ளே வந்து கதிரையில் இருந்தாள். கண் மூடவில்லை. எழும்பி முற்றத்துக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டாள். திரும்பி வந்தாள். இன்னும் பொழுது கிடந்தது. நீளமாக, யாரும் தொடாமல், அப்படியே கிடந்தது. அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

ரஞ்சினி தன் அறையில் படித்துக்கொண்டிருந்தாள். தாய் வாசலில் வந்து நிற்பதைக் கண்டு தலையை நிமிர்த்தினாள்.

"பிள்ளை," என்றாள் விமலாதேவி, "மற்ற ஆக்களுக்கு இவ்வளவு காலமும் இப்பிடியோ இருந்தது? மத்தியானத்துக்குப் பிறகும் இவ்வளவு நேரம் இருந்ததோ?"

ரஞ்சினி புத்தகத்தை மூடினாள். "ஓம், அம்மா," என்றாள். "அப்பிடித்தான் நினைக்கிறன்."

விமலாதேவி உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் இருந்தாள். நீ படி என்று மகளுக்குச் சொன்னாள். எழும்பிப் போகவில்லை. மகள் பக்கம் பக்கமாகப் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டு, வெயில் சாயும்வரை விழித்தபடியே அங்கே இருந்தாள்.